மாவிலைக்குப் பதிலாக

“…கடையில வாங்கின மாவிலைதான் அண்ணை, பயப்பிடாமல் பிடியுங்கோ.”

யோகா இதைச் சொன்னது போன மாதம், சிட்னியில், டூங்கபியில் அவளுடைய வீட்டில். அவளுடைய கணவன் தவம் இறந்து முப்பத்தோராம் நாள். உள்ளே ஐயர் வாழையிலையில் அரிசியைப் பரப்பி, கும்பம் வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். யோகாவின் கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய மாவிலைக் கட்டு, கடைக் குளிர்ப்பெட்டியின் ஈரம் இன்னும் காயாமல். ஐந்து இலை எடுத்து நான்தான் கும்பத்தில் வைக்கவேண்டும் என்று அவள் ஐயரிடம் முதலே சொல்லி வைத்திருந்தாளாம். நான் கையை நீட்டவில்லை. அதற்குத்தான் அந்தப் பேச்சு.

பக்கத்தில் நின்ற மகள், “அம்மா, வை வுட் அங்கிள் பி ஸ்கேர்ட்?” என்று கேட்டாள். யோகா பையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. வீட்டில் சொல்லாத கதையை உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் என் வீட்டில் சாப்பிட உட்காரமாட்டீர்கள் என்ற துணிவுதான்.

மாவிலைக் காம்பை முறித்தால் ஒரு மணம் வரும் தெரியுமா? பெயின்ற் கலக்குகிற தேப்பந்தைல மணம், அதற்குள் கொஞ்சம் புளிப்பு. அந்தப் பையிலிருந்து அந்த மணம்தான் வந்தது. நான் முதன்முதல் சிட்னியில் அதைத் தேடிய காலத்துக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் தவமும் ஒரே கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை. டூங்கபியில் ஒரு ஃபைப்ரோ தகட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு பேருமாக இருந்தோம். சுவரில் ஆணி அடித்தால் அடுத்த அறையில் ஆணியின் முனை எட்டிப் பார்க்கும், அப்படிப்பட்ட வீடு. பின்வளவில் துணி காயப்போடுகிற சுழல் கம்பம், அதற்குப் பின்னால் வேலியோரம் ஒரு மரம். பெயர் தெரியாது. வெயில் காலத்தில் நல்ல பச்சை. குளிர் தொடங்கும்போது கிளை கிளையாகச் சிவந்து, வேலைவிட்டு வருகிற எங்களுக்கு வீடே பற்றி எரிவதுபோலத் தெரியும். அதன் கீழே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்போம். மரம் எங்களை ஒன்றும் செய்யவில்லை. முறித்தால்தான் அதற்குக் கோபம் வரும் என்பது பிறகு தெரிந்தது.

அந்த நாட்களில் எங்கள் சீவியமே ‘பதில் சாமான்’களால் ஓடியது. இந்தச் சொல்லை எங்களுக்குத் தந்தவர் தவத்தின் தமக்கை புஷ்பம் அக்கா. மெல்பேணில் கிளென் வேவர்லியில் இருந்தார். “அதுக்குப் பதில் என்ன கிடக்கு?” என்பதுதான் எந்தச் சமையலுக்கும் அவர் கேட்கிற முதல் கேள்வி. கறிவேப்பிலைக்குப் பதில் பே இலை. நல்லெண்ணெய்க்குப் பதில் இத்தாலியர் கடைச் சூரியகாந்தி எண்ணெய். வெற்றிலைக்குப் பதில், சிரிக்காதீர்கள், மதிலில் படர்கிற ஐவி இலை. தட்டத்தில் வைக்கத்தான், வாயில் போட அல்ல. அறுகம்புல்லுக்கு மட்டும் பதில் தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் அதைத் தன் முற்றம் முழுக்க வளர்த்து, சனிக்கிழமைதோறும் வெட்டி வீசிக்கொண்டிருந்தான்.

தவத்துக்குக் கலியாணம் பேசியதும் புஷ்பம் அக்காதான். பெண் ஊரில், கொடிகாமத்துப் பக்கம். தகப்பனுக்கு மாந்தோப்பு. பெண் படித்தவள், அமைதியானவள், படத்தில் சிரிக்கவில்லை. தவத்திடம் படத்தைக் காட்டியபோது அவன் சொன்னது, “பாப்பம்.” அவனுக்கு அந்த ஒரு சொல் போதும். மழை வருமா என்றாலும் பாப்பம், பசிக்கிறதா என்றாலும் பாப்பம். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு யோகாவை வரவழைத்தார்கள்.

அவள் வந்த விசாவில் நாள் குறித்திருந்தது. அந்த நாளுக்குள் பதிவுத் திருமணம் நடக்கவேண்டும். நடக்காவிட்டால் வந்த வழியே விமானம். பதிவுக் கந்தோரில் ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. அதற்கு எட்டு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறு, எல்லாருக்கும் லீவு. அன்றைக்கு வீட்டில் சமய முறைப்படி தாலி கட்டுவது என்று முடிவாயிற்று.

ஐயருக்கு எங்கே போவது? அப்போது சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த ஐயர் எவரும் இல்லை. கலியாணத்துக்காக மெல்பேணிலிருந்து வந்திருந்த புஷ்பம் அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, நீ தேவாரம் பாடுவாய் எல்லே?” பள்ளிக்கூடத்தில் பண்ணிசைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியதை எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தேன். போட்டியில் மூன்று பேர்தான் பாடினோம் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அப்படித்தான் நான் குருக்களானேன். ‘ஐயருக்குப் பதில் நீ’ என்று அக்கா முடித்துவிட்டார்.

என்னால் மறுக்கவும் முடியாது. அக்காவின் கைப்பையில் இன்னொரு படம் இருந்தது. எனக்குப் பார்த்த பெண். அதை அவர் ஒருதரம் வெளியே எடுத்துக் காட்டிவிட்டு, “முதல் தம்பியின்ர அலுவல் முடியட்டும்” என்று திரும்ப உள்ளே வைத்துக் கிளிக் என்று மூடியிருந்தார். அந்தக் கிளிக் சத்தத்துக்கு நான் கட்டுப்பட்டவன்.

சனிக்கிழமை பின்னேரம் அக்கா குசினியிலிருந்து கூப்பிட்டார். “தம்பி, கும்பத்துக்கு மாவிலை?”

சிட்னியில் மாம்பழம் கண்டிருக்கிறோம், குயீன்ஸ்லாந்திலிருந்து பெட்டியில் வரும். இலை வராது. “அதுக்குப் பதில் என்ன கிடக்கு?” என்றார் வழமைபோல. நான் பின்வளவைப் பார்த்தேன். வேலியோர மரம் பாதி பச்சை, பாதி சிவப்பு. ஒடுங்கிய, கூர் நுனி இலைகள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மாந்தளிர் இந்த நிறம்தானே!

போய் ஒரு கொப்பை முறித்தேன். பால் கசிந்தது. எனக்கு என்ன சந்தோசம் என்கிறீர்கள்! “அக்கா, பாலும் வருகுது, மாவிலையேதான்!” என்று கத்தினேன். ஊரில் மாம்பால் பட்டு வாய் அவிந்தவர்கள் நாங்கள். பால் வருகிறது என்றால் கையை எடுக்கவேண்டும் என்று எந்தச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது அடையாள அட்டைபோலத் தெரிந்தது. வாசலுக்குத் தோரணம், கும்பத்துக்கு ஐந்து கொத்து, தண்ணீர் தெளிக்க ஒரு கொத்து என்று கை நிறைய முறித்தேன். விரலில் பட்ட பால் கொஞ்ச நேரத்தில் கறுத்து, வேட்டியிலும் பொட்டுப் பொட்டாகக் கறை பிடித்தது. வாழைக்காய்க் கறையே தோற்றுவிடும். அந்த வேட்டியைக் கனகாலம் வைத்திருந்தேன். கறை போகவேயில்லை.

மறுநாள் கலியாணம் நன்றாகவே நடந்தது. ஒரு முப்பது பேர் இருக்கும். நான் பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொப்பியில் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மறந்த இடங்களில் தேவாரத்தை இழுத்துப் பாடிச் சமாளித்தேன். கடைசியில் கும்பத் தண்ணீரில் அந்தக் கொத்தைத் தோய்த்து, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தெளிக்கவேண்டும். ஐயர்மார் மெல்லத் தெளிப்பார்கள். எனக்கு அளவு தெரியாது. தவத்தின் தலையில் இரண்டு துளி. யோகா குனிந்திருந்தாள். அவளுக்கு ஆசீர்வாதம் குறைந்துவிடக் கூடாதே என்று, ஈரக் கொத்தாலேயே நெற்றியிலும் கன்னத்திலும் ஒற்றி எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அந்த முகத்தைப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருவரும் காணவில்லை.

திங்கட்கிழமை என் இரண்டு முன்கைகளும் கடிக்கத் தொடங்கின. நுளம்பு கடித்த சொறி என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கோடு கோடாகச் சிவந்து, கோட்டின்மேல் குருமணல் தூவியதுபோலக் கொப்புளம். முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு குசினிக்கு வந்தால், அங்கே யோகா இருந்தாள். கண் இரண்டும் கோடாகிவிட்டன. நெற்றியும் கன்னமும் உப்பி, நீர்க் கொப்புளம் போட்டு, தோல் பளபளவென்று இருந்தது. அவள் அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல இருந்தாள்.

தவம் நெற்றியைச் சொறிந்துகொண்டு, “பாப்பம், டொக்டரிட்டைக் காட்டிப் பாப்பம்” என்றான். அவனுக்கு இரண்டு பருப்போல வந்ததோடு சரி. அந்த மரத்தின் பால் எல்லாரையும் ஒரே மாதிரித் தண்டிப்பதில்லை.

டொக்டர் அலர்ஜி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். செடி கொடி ஏதும் தொட்டதா என்றும் கேட்டாராம். “இல்லவே இல்லை” என்று அக்காதான் அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மாவிலை எங்கள் கணக்கில் செடி கொடியா? அது கும்பச் சாமான். தேங்காயைத் தொட்டீர்களா என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். எந்த மரத்தில் பிடுங்கியது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். ஆனால் ஒருதரம் மாவிலை என்று பெயர் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு அது மாவிலைதான்.

“அலர்ஜியாம். காரணம் தெரியாத வருத்தத்துக்கு வச்ச பேர்” என்றார் அக்கா வீட்டுக்கு வந்து. பிறகு வைத்தியத்தில் இறங்கினார். முதலில் அம்மாள் வருத்தமோ என்ற சந்தேகத்தில் வேப்பிலை வேண்டும் என்றார். அதற்குப் பதில்? யூக்கலிப்ரஸ் இலை. அதைத் தண்ணீரில் போட்டுத் துடைத்ததும் யோகா முதல்முறையாக வாய் திறந்து, “எரியுது மச்சாள்” என்றாள். அதை நிறுத்திவிட்டு, பயற்றம்மா குழைத்துப் பூசினார். காய்ந்து வெடித்தது. தேங்காய்ப்பால் வைத்தார். கடைசியில் மோர்தான் ஒத்துக்கொண்டது. பஞ்சை மோரில் தோய்த்து, கொப்புளம் உடையாமல் ஒற்றி ஒற்றி எடுப்பார். அது காய்ந்ததும் திரும்ப. சாப்பிடக்கூட எழும்பாமல் மணிக்கணக்காகச் செய்தார்.

புஷ்பம் அக்காவைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கை அப்படி. வாய் வேறு. அடுத்த அறையில் தவத்திடம் அவர் சொன்னதை ஃபைப்ரோ சுவர் அப்படியே எங்களுக்குத் தந்தது.

“சொன்னால் சொல்லுறனெண்டுவாய். இது இண்டைக்கு வந்த வருத்தமில்லை. தோல் வருத்தத்தை மறைச்சுத் தந்துபோட்டினம்.”

“பாப்பம் அக்கா.”

“என்னத்தைப் பாக்கிறது? திங்கள் பதிவை நிப்பாட்டு. பிள்ளை ஊருக்குப் போய்ச் சுகமாகி வரட்டும். பிறகு பதியலாம்.”

“ம்.”

சுகமாகி வரட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாலி கட்டி ஒரு கிழமையில், முகம் வீங்கித் திரும்பி வந்து இறங்குகிற பெண்ணை ஊர் என்னவென்று பேசும்? அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் வேறு. யோகா இதெல்லாம் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே கோப்பையை.

புதன்கிழமை, பக்கத்து வீட்டு ஜாக் ஈஸ்டர் பயணம் முடிந்து கரவன் வண்டியோடு திரும்பினார். ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றுக்கும் ‘ஷீல் பி ரைட், மைட்’, எல்லாம் சரிவரும், என்பார். எங்கள் கூரை ஒழுகியபோதும் அதுதான், எனக்கு வேலை போகும்போல இருந்தபோதும் அதுதான். அன்றைக்கு எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை. வேலியைத் தாண்டியே வந்துவிட்டார்.

“ஆர் இதைக் கதவில் கட்டியது? இது ரஸ் மரம்! தோலை உரித்துவிடும்!”

தன் மனைவி ஒருமுறை அதைக் கத்தரித்துவிட்டுப் பத்து நாள் படுக்கையில் கிடந்த கதையைச் சொன்னார். சவர்க்காரம் போட்டு உடனே கழுவவேண்டும், பிந்தினால் பயனில்லை. ஆறிய கறுப்புத் தேத்தண்ணியால் ஒற்றலாம். பேக்கிங் சோடாவைக் குழைத்து வைக்கலாம். பழைய காலுறைக்குள் ஓட்ஸைப் போட்டுக் குளிக்கிற தண்ணீரில் பிழியலாம். தன் வீட்டிலிருந்து ஒரு போத்தல் கலமைன் பூச்சு மருந்தும் கொண்டுவந்து தந்தார், ரோசா நிறத்தில், சுண்ணாம்பு கரைத்ததுபோல. கையுறை போட்டுத் தோரணத்தை அவரே அவிழ்த்துப் பையில் கட்டினார். அக்கா அப்போது கடைக்குப் போயிருந்தார். தவம் வேலையில். கேட்டவன் நான் ஒருவன்தான்.

இதற்குப் பிறகு நான் செய்யவேண்டியது மிகச் சின்ன வேலை. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, அக்காவுக்கு முன்னால் நீட்டுவது. ‘பாருங்கோ, எனக்கும்தான். நான் முறிச்ச இலை’ என்பது. அவ்வளவுதான்.

அக்கா வந்ததும் கலமைன் போத்தலை மட்டும் கொடுத்தேன். “ஜாக் தந்தவர், பூச்சிக்கடிக்கு நல்லதாம்” என்றேன். தோரணம் எங்கே என்று அக்கா கேட்டபோது, வாடிப்போனது என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். குருக்கள் வேலை பார்த்தவன் கலியாணத்துக்கே நஞ்சு தெளித்தான் என்ற பெயர் வந்துவிடும். அக்காவின் கைப்பை திரும்பத் திறக்காது. அதைவிட, இரண்டு நாள் பொறுத்தால் தானாகச் சுகமாகிவிடும் என்று நினைத்தேன். ஜாக்கின் ‘ஷீல் பி ரைட்’ என்னிலும் தொற்றியிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஆறிய தேத்தண்ணியை என் கைகளுக்கு மட்டும் ஒற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை நாங்கள் நாலு பேரும் குசினியில் இருந்தோம். பதிவை நிறுத்துவதற்காகத் தவம் பதிவுக் கந்தோருக்குப் போன் எடுக்க எழும்பி, ரிசீவரைக் கையில் எடுத்தான். அப்போது யோகா கேட்டாள்.

“அண்ணை, கும்பத்து இலை ஆர் முறிச்சது?”

“நான்தான்.”

“உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?”

அவளுடைய கண்கள் இரண்டு கீறல்கள். அதற்குள்ளால் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் சட்டையின் பொத்தான்கள் மணிக்கட்டுவரை பூட்டியிருந்தன.

“இல்லைப் பிள்ளை” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வளவுக்குப் போனாள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். மரத்தடியில் நின்று தடவிப் பார்த்து ஒரு சிறு கொப்பை முறித்துக்கொண்டு வந்தாள். மேசையில் இடது கையை மல்லாத்தி வைத்தாள். அந்தக் கையில் ஒரு பருகூட இல்லை. வெளுத்த, நல்ல தோல். காம்பில் கசிந்த பாலால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். கணக்குக் கொப்பியில் ஓரக்கோடு அடிக்கிறவள்போல.

“ஐயோ, என்னடி செய்யிறாய்?” என்று அக்கா எழும்பினார்.

“எனக்கு இந்த எரிவு தெரியும் மச்சாள். அப்பான்ர தோப்பில மாம்பால் பட்டு எரியிறதும் உப்பிடித்தான். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தோல் வருத்தம் இல்லை. சனிக்கிழமை இந்தக் கையைப் பாருங்கோ. ஒண்டும் வரேல்லை எண்டால் நான் போறன். ஒருத்தரும் அனுப்பத் தேவையில்லை.” பிறகு தவத்தின் பக்கம் திரும்பி, “பாப்பம்” என்றாள்.

அவனுடைய சொல்லை அவள் எடுத்ததைக் கேட்டு அவனுக்கு ஏதோ செய்திருக்கவேண்டும். கையிலிருந்த ரிசீவரைத் திரும்ப வைத்தான். நான் அந்த நேரத்திலும் வாய் திறக்கவில்லை. கோடு ஏற்கனவே இழுத்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? யாருடையதோ உதடுபோல இருக்கும். அந்த வியாழக்கிழமையை நான் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை அந்தக் கையில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அரை மணிக்கொருதரம் பார்த்தார். வர வேண்டும் என்று பார்த்தாரா, வரக் கூடாது என்று பார்த்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. இடையில் முகத்துக்கு மோர் ஒற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை விடிய யோகா கையை மேசையில் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவந்த கோடு. கோட்டின்மேல் வரிசையாக நீர்க் கொப்புளம். அடிமட்டம் வைத்ததுபோல.

அக்கா மோர்க் கோப்பையைப் பக்கத்தில் இழுத்து, பஞ்சைத் தோய்த்து, அந்தக் கோட்டை ஒற்றத் தொடங்கினார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய அகராதியில் இல்லை. “சொன்னால் சொல்லுறனெண்டுவாய், இப்பிடியும் ஒரு பெட்டை” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எவரும் எதிர்பார்க்க முடியாது. என்னைப் பார்த்து, “நீ என்ன மரத்தையடா முறிச்சனீ?” என்று ஒரு முறைப்பு. “உனக்கு மட்டும் எருமைத் தோல்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோகா சிரித்தாளா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை, கலமைன் பூசிய முகத்தோடும் ஜாக்கின் மனைவி தந்த பெரிய கறுப்புக் கண்ணாடியோடும் யோகா கையெழுத்து வைத்தாள். சாட்சிக் கையெழுத்து நான். பேனாவைப் பிடிக்கும்போது சட்டை மேலேறாமல் மற்றக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் அக்காவின் கைப்பை திறந்தது. அந்தப் படத்தில் இருந்தவள்தான் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக என் சட்டைகளை மடித்து வைக்கிறவள். ஏன் இந்த மனுசன் நாற்பது பாகை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறார் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கொப்புளங்கள் மூன்று கிழமையில் ஆறிவிட்டன. தழும்புகூட இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அந்த மரமும் மாமரமும் ஒரே குடும்பமாம். ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் கண்டது முழுப் பிழையும் இல்லை. இதை யோகாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எத்தனையோ தரம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் என் தட்டில் சோறு போடுவாள். நான் போதும் என்பேன்.

இப்போது அந்த ஃபைப்ரோ வீடு இல்லை. அந்த இடத்தில் ஒரே மாதிரி நாலு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வளவென்று ஒன்று இல்லை. அந்த மரத்தைக் களைப் பட்டியலில் சேர்த்து, சனங்கள் தேடித் தேடி வெட்டிவிட்டார்கள். குளிர் தொடங்கும்போது டூங்கபியில் பற்றி எரிகிற மரம் ஒன்றும் இல்லை. ஜாக் இல்லை, ‘ஷீல் பி ரைட்’ என்று சொல்ல ஆளில்லை. புஷ்பம் அக்கா போய்ப் பன்னிரண்டு வருடம். கடைக்குப் போனால் மாவிலை, வெற்றிலை, வேப்பிலை எல்லாம் குளிர்ப்பெட்டியில் கிடக்கின்றன. ‘அதுக்குப் பதில் என்ன’ என்று கேட்க ஒரு வீட்டிலும் தேவையில்லை. அன்றைக்குத் தவத்தின் ‘பாப்பம்’ போய் முப்பத்தொரு நாள்.

யோகா பையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஐயர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். நான் கையை நீட்டாததைக் கண்டு, அவள் பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று முழங்கை வரைக்கும் சுருக்கமில்லாமல் மடித்துவிட்டாள். பிறகு இடது கை. வெளியே வந்த இரண்டு முன்கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து மாவிலையை எடுத்து, ஐந்தாக எண்ணி என் கையில் வைத்தாள்.